வயிறு நிறைந்த வண்டிக்குக் கை கிடையாது

பிப்ரவரி 3ஆம் தேதி காலை பத்து மணிக்கு, நகராட்சி அலுவலகத்தின் பின்பக்க வாகன நிறுத்தத்தில், மின்வண்டிகளுக்கான முதல் பொது சார்ஜ் கம்பம் வேலை செய்யத் தொடங்கியது. இடமும் செலவில் பாதியும் நகராட்சியுடையவை. கம்பமும் மீதிப் பாதியும் ஒரு தனியார் கம்பெனியுடையவை. கம்பத்தின் இரண்டு பக்கமும் ஒரு கேபிள், ஒரு திரை.

பதினேழாம் நாள் அதற்கு அருள் வந்தது.

கொண்டுவந்தவர் ஒரு பழைய கார் தரகர். தரகு படுத்துவிட்ட நேரம் பார்த்துத்தான் தன் வலது கையில் மின்சாரம் சுரப்பதை அவர் கண்டுபிடித்தார். படுத்துப்போன தொழிலுக்கும் சுரக்கும் சக்திக்கும் எப்போதுமே நெருங்கிய சொந்தம். தரகர் 'கைராசி ஐயா' ஆனார்.

முறை எளிது. வண்டியைக் கேபிளில் மாட்டுவார்கள். ஐயா கண்ணை மூடிக் கம்பத்தில் கை வைப்பார். திரையில் சார்ஜ் ஏறும் வேகம் ஐம்பது கிலோவாட் என்று ஓடும். நாற்பது நிமிடத்தில் பேட்டரி எண்பது விழுக்காட்டைத் தொட்டதும், "சக்தி தீர்ந்தது" என்று கையை எடுப்பார். எடுத்த கொஞ்ச நேரத்தில் வேகம் பதினைந்துக்கு இறங்கிவிடும். கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாயோடு காணிக்கையும் கொடுக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. வண்டி பசியோடு வரவேண்டும். "வயிறு நிறைஞ்ச வண்டிக்குக் கை வைக்கிறது பாவம்" என்பார் ஐயா. பாவத்துக்கு அஞ்சிய டாக்சிக்காரர் ஒருவர் பேட்டரியைக் காலி செய்வதற்காகவே ஊரை மூன்று சுற்று சுற்றினார். நான்காவது சுற்றில் வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு முதல் மரியாதை அவருக்குத்தான்.

இதில் மாட்டிக்கொண்டவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்காரம்மா. காலைச் சவாரி முடிந்து பத்து மணிக்கு வந்தால், நாற்பது நிமிடம் சார்ஜ் போட்டுவிட்டு மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கலாம். ஆனால் ஐயா எழுந்து, குளித்து, வருவதற்கே மதியம் ஒரு மணி ஆனது. அதுவரை இரண்டு கேபிள்களையும் வண்டியில் மாட்டிவிட்டு, பட்டனை அழுத்தாமல், ஏழு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். மின்சாரம் இருந்தது. கம்பம் இருந்தது. கைதான் வரவில்லை.

"அண்ணே, சும்மாதானே நிக்குது? நான் போட்டுட்டு ஓடிடறேன்."

"வரிசைன்னா வரிசைதான்க்கா. கை இல்லாம போட்டா பேட்டரி செத்துடும்."

"காலையில ஆறு மணிக்கு நான் போடறப்போ எந்தக் கை இருக்கு? அப்பவும் ஐம்பதுதான் ஓடுது."

டாக்சிக்காரர் யோசித்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை என்பதால் சற்று நேரம் பிடித்தது.

"காலையில ஐயா வீட்டிலிருந்தே கை வைக்கிறார்க்கா."

இரண்டு முறை வேன் தாமதமானது. மூன்றாவது முறை என்றால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையே கம்பெனி மேலாளர் நகராட்சித் தலைவரிடம் ஒரு கோப்போடு போனார். இன்னும் பன்னிரண்டு கம்பங்கள் நடத் திட்டம்; வழக்கம்போலப் பாதிக்குப் பாதி. புதிதாக ஒரு பத்தி மட்டும் சேர்ந்திருந்தது. கம்பத்துக்கு ஒரு கை. கைகளுக்குப் பயிற்சி ஐயா தருவார். கைக்கான சம்பளம் நகராட்சியின் பாதியில்.

"கம்பெனி பணம் போடணும்னா கூட்டம் வேணும் சார். கூட்டம் வேணும்னா கை வேணும்" என்றார் மேலாளர். லாபம் தனியாருக்கு, முட்டாள்தனம் பொதுவுக்கு. கூட்டு முயற்சி என்றால் சும்மாவா?

சனிக்கிழமை தலைவர் நேரில் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. பள்ளி விடுமுறை. வேன்காரம்மா காலையிலேயே சார்ஜ் போட்டுவிட்டு, வேனை இடதுபக்கக் கேபிளில் மறுபடி மாட்டி நின்றார். வலதுபக்கம் டாக்சி. அன்றைக்கும் தள்ளிக்கொண்டு வந்ததுதான்.

"முதல்ல என் வேனுக்குக் கை வைங்க ஐயா."

"எவ்வளவு இருக்கு?"

"உங்க கைக்குத் தெரியாதா?"

கூட்டம் ஆமோதித்தது. கைக்குத் தெரியாததா!

வேன்காரம்மா தலைவரிடம் திரும்பினார். "ரெண்டு திரையையும் மூடிடுங்க சார். இந்தப் பக்கம் ஐயா கை வைக்கட்டும். அந்தப் பக்கம் நான் வேற ஆள் வைக்கறேன்."

கழிப்பறை வாசலில் கிடந்த துடைப்பத்தை எடுத்துவந்து டாக்சிப் பக்கம் கம்பத்தில் சாய்த்தார். வேன் பக்கத் திரையைக் கோப்பு மூடியது, டாக்சிப் பக்கத் திரையை மேலாளரின் கோட்டு. இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்தினார்கள்.

மூன்று நிமிடம் போனது. ஐயாவுக்கு வியர்த்தது.

"எப்படி ஐயா போகுது?" என்றார் தலைவர்.

"பாயுது! வெள்ளமா பாயுது!"

கோப்பை எடுத்தார்கள். பதினான்கு. கோட்டை எடுத்தார்கள். ஐம்பது.

"மாப்ளே, என்ன மாப்ளே இது?" என்று ஐயா மேலாளரைப் பார்த்து அலறினார்.

"மாப்ளேயா?" என்றார் தலைவர்.

மேலாளர் கோட்டை மாட்டிக்கொள்வதில் மும்முரமானார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "சக்தி துடைப்பத்துக்குத் தாவிடுச்சு!" என்றது.

"எதுவும் தாவலை" என்றார் வேன்காரம்மா. "என் வேன்ல தினம் பாக்கறேன். காலியா இருந்தா பிள்ளைங்க ஓடி வந்து உக்காருவாங்க. நிறைஞ்சுட்டா இடம் தேடி, இடிச்சு, நெளிஞ்சு ஏறணும். பேட்டரியும் அப்படித்தான். டாக்சி காலி, அதான் ஓடுது. வேன்ல எண்பதுக்கு மேல இருக்கு, அதான் நெளியுது. இவர் காலி வண்டியாப் பாத்துக் கை வைக்கறார், எண்பது ஆனதும் எடுக்கறார். அவ்வளவுதான்."

தலைவர் மேலாளரைப் பார்த்தார். "இது உங்க கையேட்டுல இல்லையா?"

"நாற்பதாம் பக்கத்துல இருக்கு சார்."

"ஏன்யா சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

மாலையில் கைப் பத்தி நீக்கப்பட்டு, பன்னிரண்டு கம்பங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. மேலாளர் மாற்றப்பட்டார். ஐயா வாங்கிய காணிக்கையைத் திருப்பிக் கேட்டு ஒருவர்கூடப் புகார் தரவில்லை; தந்தால் கொடுத்ததை ஒப்புக்கொள்ள வேண்டுமே!

திங்கட்கிழமை பத்து மணிக்கு வரிசையில் இரண்டு பேர் மட்டும் பட்டனை அழுத்தாமல் நின்றார்கள். துடைப்பம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்கள்.

"எழுதப் படிக்கத் தெரியும்ல? எதிர்ல திரை இருக்கு, படிங்க" என்றார் வேன்காரம்மா. அவர்கள் பட்டனையும் அவரே அழுத்தினார்.

இரண்டு ஐம்பதுக்கு வேன் பள்ளி வாசலில் நின்றது.