ஒன்பதாவது ஊரிலிருந்து அத்தைக்கு

கார்வெல், கென்டக்கி
டிசம்பர் 9

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மருமகள் கோரலீ எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மகன் வெர்னன், பிள்ளைகள் மூவர், நாய் உட்பட எல்லோரும் சுகம். அங்கே ஓக்லஹோமாக் குளிரில் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். வேலையும் வீடும் மட்டும் போய்விட்டன. மற்றபடி கர்த்தர் கிருபையால் ஒரு குறைவுமில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். இந்த விலாசத்துக்கு வந்து மணியடித்தால் ஒரு பல் டாக்டர் கதவைத் திறப்பார். நீங்கள் திகைத்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகன் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்று சர்ச்சில் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறேன் என்று போன கடிதத்தில் வருத்தப்பட்டிருந்தீர்கள். இனிமேல் இப்படிச் சொல்லுங்கள்: கல்லூரி ஃபுட்பால் அணியில், எதிராளி நீளமாக எறிகிற பந்து நம் ஆட்களின் தலைக்கு மேலே போய்விடாமல் பின்னால் நின்று காக்கிற நாலு பேருக்கு அவர் வாத்தியார். (கையால் எறிந்து கையால் பிடிக்கிற ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பேர் வைத்தவனைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, இங்கே வேண்டாம்.) அந்த நாலு பேரும் சரியாகக் காத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே ஒருவன் ஒரே ஒரு முறை கோட்டைவிட்டால் நாற்பதாயிரம் பேர் கவனிப்பார்கள். தலைமைப் பயிற்சியாளரை வேலையைவிட்டு அனுப்பினால் அவருக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் போக வேண்டும். அவரை அனுப்ப மனமில்லையென்றால் கீழே இருக்கிற ஒருவரை அனுப்புவார்கள், அது பெரும்பாலும் உங்கள் மகன்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒன்பது கல்லூரி. கான்சாஸில் பெரியவள் பிறந்தாள், டென்னசியில் எம்மெட் பிறந்தான், லூசியானாவில் சின்னவள் பிறந்த அன்று உங்கள் மகன் அலபாமாவில், தன் கல்லூரியில் சேர்ந்து ஆட வேண்டும் என்று ஒரு பையனைக் கேட்டுக்கொள்ளப் போன இடத்தில், அவன் அம்மா பரிமாறிய பொரித்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அன்றைக்கு அவருக்கு மூன்றாவது இரவுச் சாப்பாடு. எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னால் பையன் வேறு கல்லூரிக்குப் போய்விடுவான். மூட்டை கட்டுகிற அட்டைப் பெட்டிகளை நான் எறிவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

இந்தக் கார்வெலில்தான் முதல்முறையாக ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆட்டம். இந்த ஊரில் அதைவிடப் பெரிய பண்டிகை ஈஸ்டர்கூட இல்லை. பதினோரு வினாடிதான் பாக்கி, நாம் நாலு புள்ளி முன்னால். எதிராளி கண்ணை மூடிக்கொண்டு பந்தை வானத்தில் எறிந்தான். கீழே நின்றவன் ட்ரெமெய்ன் பூத், உங்கள் மகனின் நாலு பேரில் கெட்டிக்காரன். பந்தைக் கையால் தரையில் தட்டிவிட்டிருந்தால் ஆட்டம் முடிந்தது. அவனோ துள்ளிப் பிடிக்கப் பார்த்தான். பந்து அவன் விரலில் பட்டு, பின்னால் ஓடிவந்த எதிராளியின் கையில் தானாகப் போய் உட்கார்ந்தது. அவன் கோட்டைத் தாண்டி ஓடினான், அதற்கு ஆறு புள்ளி. தோற்றோம். நான் வீட்டில் டிவி முன்னால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததையே மறுபடி உரித்திருக்கிறேன்.

ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் ட்ரெமெய்னைச் சூழ்ந்துகொண்டார்கள். உங்கள் மகன் நடுவில் புகுந்து, "அவனை விடுங்கய்யா. நான்தான் புடிக்கச் சொன்னேன்" என்றார். டிவியில் அதைக் கேட்டு என் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நீங்களா புடிக்கச் சொன்னீங்க?"

"பைத்தியமா உனக்கு? இருபத்திரண்டு வருஷமா தட்டு, தட்டு, தட்டுன்னுதான கத்திட்டிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அவனுக்கு இருபது வயசு, கோரலீ. இன்னும் ஒண்ணரை வருஷம் இதே ஊர்ல கடைக்குப் போகணும், முடிவெட்டிக்கணும். நமக்கென்ன? நமக்கு வேற ஊரு இருக்கு."

கோபத்தில் உருளைக்கிழங்கில் உப்பு போட மறந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் எங்கள் புல்வெளியில் "வீடு விற்பனைக்கு" என்று ஒரு பலகை. நாங்கள் வைத்ததல்ல. தோற்ற கோபத்தில் எவனோ ராத்திரி கொண்டுவந்து நட்டுவிட்டுப் போயிருக்கிறான். அன்று சர்ச்சில் எங்கள் வரிசையில் யாரும் உட்காரவில்லை. கால் நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. பலகையைப் பிடுங்க எனக்கு நேரமில்லை. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒரு தம்பதி மணியடித்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்த பல் டாக்டரும் அவர் மனைவியும். ஃபுட்பாலே பார்க்காதவர்கள். பலகையைப் பார்த்து வந்தோம் என்றார்கள். அது விளையாட்டுக்கு வைத்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அத்தை, சத்தியமாக. அதற்குள் அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயோ, இந்தத் திரை எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். இந்த ஊரில் என் திரையைப் பாராட்டிய முதல் ஆள். "திரையும் வீட்டோடதான் வரும்" என்றேன்.

மத்தியானம் உங்கள் மகன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"கோரலீ, உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். முதல்ல நீங்க."

"காலைல பத்து மணிக்கு வேலை போச்சு."

"பதினொரு மணிக்கு வீடு போச்சு."

அவர் தொப்பியை மேசைமேல் வைத்தார். பிறகு, "நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். அதற்காக நான் அவரைக் கட்டிக்கொண்டதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

வியாழக்கிழமை ட்ரெமெய்னின் அம்மா, மிஸஸ் பூத், தன் ஊரிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். உங்கள் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பையன் உண்மையைச் சொல்லிட்டான், கோச். நீங்க டிவியில பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்கம்மா."

"என் வீட்டு மேசையில உக்காந்து, உங்க பையன் மாதிரி பாத்துக்கறேன்னு சொன்னீங்க. எல்லா கோச்சும் அதைத்தான் சொல்வாங்க. பத்து பேர் சொல்லியிருப்பாங்க. நான் ஒருத்தரையும் நம்பல, உங்களையும் சேர்த்துத்தான். உங்க விஷயத்துல அது தப்பு. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் மகன் கொல்லைப்புறம் போய் இலை கூட்டினார். டிசம்பரில் எங்கள் வீட்டில் இலையே கிடையாது.

அன்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன்: போதும். பெரியவளுக்கு அடுத்த வருடம் பள்ளி முடிகிறது. ஒரு பள்ளியிலாவது தொடர்ந்து இரண்டு வருட வகுப்புப் புகைப்படத்தில் அவள் இருக்க வேண்டும். அயோவாவில் என் அண்ணன் ஹோமர் ட்ராக்டர் கடை வைத்திருக்கிறார் அல்லவா, அங்கே விற்பனை வேலைக்கு உங்கள் மகன் ஒப்புக்கொண்டுவிட்டார். மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ட்ராக்டர் நல்லா இருக்கு" என்றார். சாப்பிடும்போது மறுபடி, "ட்ராக்டர் நல்லாத்தான் இருக்கு" என்றார். ஃபுட்பால் இத்தோடு முடிந்தது, அத்தை. பைபிள் மேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறார். ஆகவே கிறிஸ்துமஸுக்கு நேராக அயோவா வந்துவிடுங்கள். நமக்கும் ஒரு நிலையான விலாசம் கிடைத்துவிட்டது, உங்கள் விலாசப் புத்தகத்தில் இனிமேல் பென்சிலை விட்டுப் பேனாவாலேயே எழுதலாம்.

முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுங்கள். பிள்ளைகள் முத்தம் அனுப்புகிறார்கள். எங்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
கோரலீ

பி.கு.: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் போன் வந்தது. வட டகோட்டாவில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரி, பேசியவர் அங்கே தலைமைப் பயிற்சியாளராம், உங்கள் மகனை வேலைக்குக் கேட்டார். உங்கள் மகன் குளித்துக்கொண்டிருந்தார். அவர் இந்த வேலையை விட்டுவிட்டார் என்று மரியாதையாகச் சொன்னேன். அந்த மனிதர் போனை வைக்காமல், "வருஷம் பூரா எங்க ஆளுங்க தலைக்கு மேலயே பந்து போகுதும்மா, என்ன பண்றதுன்னே தெரியல" என்று அழாத குறையாகச் சொன்னார். பாவமாக இருந்தது. "உங்க பசங்க, எதிர்ல ஓடிவர்றவனோட எதைப் பாக்கறாங்க?" என்று கேட்டேன். "கண்ணைத்தான்" என்றார். "கண்ணு ஏமாத்தும், தோள் ஏமாத்தும். இடுப்பைப் பாக்கச் சொல்லுங்க. இடுப்பு எந்தப் பக்கம் போகுதோ, ஆளும் அந்தப் பக்கம்தான் போவான்" என்றேன். அந்தப் பக்கம் பேனாவால் எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, அவர் எப்ப வர முடியும்?" என்றார். "திங்கட்கிழமை" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அயோவாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கனமான கோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் மகன் இன்னும் குளியலறையில்தான் இருக்கிறார், ட்ராக்டர் மாடல்களின் பெயர்களைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.