பத்துக்கு மூணு அடி

நேத்து கடைத்தெருவுக்குப் போனது ஒரு பொல்லு வாங்க. வேல அவ்வளவுதான்.

நான் கணித டீச்சர். இப்ப ஒன்லைன்ல புள்ளிவிபரவியல் படிக்கிறன். அந்தக் கோர்ஸ்ல எல்லாக் கணக்கும் பேஸ்போல்தான். எனக்குத் தெரிஞ்சது கிரிக்கெட். கிரிக்கெட்டுல சராசரி எண்டா ஓட்டம். பேஸ்போல்ல, எத்தின தரம் அடிக்க வந்து எத்தின தரம் சரியா அடிச்சாரெண்டு பாக்கிறாங்க. பத்துக்கு மூணு அடிச்சாலே பெரிய வீரனாம். என்ட வகுப்புல பத்துக்கு மூணு எடுத்தா உம்மாவக் கூட்டி வரச் சொல்லுவன்.

எனக்கு நம்பிக்கை வரல்ல. நானே ஊட்டு வளவுக்குள்ள நிண்டு அடிச்சுப் பாத்துத் தரவு எடுப்பம் எண்டு நினைச்சன்.

கல்முனைல அந்த விளையாட்டுச் சாமான் கடைக்காரர் என்ட புருசன்ட கூட்டாளி.

"பேஸ்போல் பொல்லா? ஒண்டுதான் கிடக்கு. இத ஆரும் விளையாட வாங்கிறல்ல. ஆருக்கு டீச்சர்?"

"எனக்குத்தான். ஊட்டுல வெச்சு அடிக்க."

"பாரமா இரிக்குமே."

"பரவால்ல. பத்துத் தரம் வீசினா மூணு பட்டாப் போதும்."

கடைக்காரர் அவசர அவசரமா பேப்பர்ல சுத்தித் தந்திட்டு ஃபோனக் கையில எடுத்தார்.

ஊட்டுக்கு வந்தா, ராவு இஷாத் தொழுகைக்குப் பொறகு உரக்கடையப் பூட்டிட்டு வாற என்ட மனிசன் பட்டப்பகல்ல கோப்ப கழுவிட்டு நிக்கிறார்.

"நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க," எண்டார். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து இந்தச் சொல்ல நான் கேட்டதில்ல.

கொஞ்சத்துல அவர்ர உம்மா, எங்கட மாமி, கோல் எடுத்தா. "மகள், அவன் முன்கோவக்காரன்தான். ஆனா நல்ல புள்ள. கொஞ்சம் பொறுமையா இருந்து சபூர் செய்ங்க."

ஒண்டும் விளங்காம "ஓம் மாமி" எண்டன்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு பள்ளிவாசல் மரைக்கார் வந்தார். ஊருல புருசன் பொஞ்சாதி சண்டையெண்டா அவர்தான் வந்து பேசித் தீர்க்கிறவர். கதிரைல இருந்தவர் மூலைல கிடந்த பொல்லையே பாத்தார்.

"இது எதுக்கு மகள்?"

"படிப்புக்கு மரைக்கார்."

"ஓம், படிப்பிக்கத்தான் வேணும்," எண்டு இவரப் பாத்தார். "மகன், என்ன பிழை செஞ்சீங்க?"

பேஸ்போலப் பத்திச் சொல்ல நான் வாயத் திறந்தன். அதுக்குள்ள இவர் முந்திட்டார்.

"பிழைதான் மரைக்கார். அந்த ரைஸ் குக்கரக் கள்ளன் கொண்டு போகல்ல. நான்தான் தங்கச்சிக்குக் குடுத்தன்."

குக்கர் களவு போச்செண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். அந்தக் கள்ளனுக்குப் பயந்து குசினிக் கதவுக்குப் பெரிய பூட்டு வாங்கிப் போட்டிருக்கம். அதப் பூட்டித் தந்ததும் இவர்தான்.

கோர்ஸ்ல தரவு சேகரிக்கிற முறையெல்லாம் ஒழுங்காத்தான் சொல்லித் தந்திருக்காங்க. பொல்ல மூலைல வெச்சிட்டுச் சும்மா இரிக்கிற முறை மட்டும் அதுல இல்ல.