தண்ணிக்கு ரெண்டு கிலோ

எனக்குப் பேசுகிற வாய் கிடையாது. சாப்பிடுகிற வாய் மட்டும்தான். பல வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை கிலோவைக் கழிப்பார். மற்றப் பெண்கள் சண்டை பிடிப்பார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். (வீட்டில் அடுப்போடு சண்டை பிடிப்பேன்.)

போன மழைக்கு, கால் சுண்டுவிரலில் அட்டை கடித்த இடம் ஆறவேயில்லை. சொறிந்தது என் தப்பு. எனக்குச் சீனி வியாதி வேறு. கிளினிக்கில் டாக்டர் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னார். உடம்பு பெருத்தால் உள்ளே ஓர் அழற்சி, சாம்பலுக்குள் கங்கு மாதிரி, அணையாமல் கிடக்குமாம். அதனால் சீனியும் இறங்காது, புண்ணும் ஆறாது. எழுபத்தொரு கிலோ இருந்தேன். மெதுவாக அறுபத்தாறுக்கு இறங்க வேண்டும், அடுத்த மாதம் கட்டாயம் வரவேண்டும், அசட்டையாக இருந்தால் விரல் போய்விடும் என்றார்.

அன்றே மத்தியான ரொட்டியை நிறுத்தினேன். பசித்தபோதெல்லாம் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தேன். தண்ணீரில் என்ன எடை இருக்கப்போகிறது என்பது என் விஞ்ஞானம். மூன்று வாரத்தில் சட்டை தொளதொளத்தது. ஓயாத தாகம். ஒன்றுக்குப் போய்ப் போய் அந்த மலையின் தேயிலைச் செடிகளுக்கெல்லாம் நான் பழக்கமாகிவிட்டேன்.

கிளினிக்குக்கு நாலு நாள் இருந்தது. பொறுக்க முடியவில்லை. நல்ல மழை. கொழுந்து நிறுத்து முடிந்து, தராசு சும்மா தொங்கியது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினேன்.

பின்னால் கணக்கப்பிள்ளை நின்றார். இறங்கவும் வெட்கம், தொங்கவும் வெட்கம். தொங்கினேன். அவர் முகம் மாறாமல், சாக்கு நிறுப்பது போலவே சத்தமாகச் சொன்னார்.

"அறுபத்தெட்டு. நல்லா நனைஞ்சிருக்கு. தண்ணிக்கு ரெண்டு கழிச்சு அறுபத்தாறு."

மலையே சிரித்தது. என் நாத்தனார் செல்வி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

"ஐயா, அண்ணி கொழுந்தா முத்தலான்னு பாக்கலையா?"

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கழிவு எனக்குச் சாதகமாக வந்திருந்தது. அறுபத்தாறு. அப்படியே நம்பினேன். சொன்ன எடை வந்தாயிற்று, இனி எதற்குக் கிளினிக்? (பஸ்ஸில் தராசுக் கதையைக் கேட்பார்கள் என்ற பயமும் இருந்தது.) போகவில்லை.

விரல் கறுத்த பிறகு செல்விதான் இழுத்துக்கொண்டு போனாள். சீனி எக்கச்சக்கமாக ஏறி, மூத்திரத்தோடு போய், அதில் உடம்பு வற்றியிருக்கிறது என்றார்கள். நான் இளைக்கவில்லை, வியாதி என்னைத் தின்றிருக்கிறது. கங்கு அப்படியே கிடந்தது. விரலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது தேத்தண்ணியில் சீனி இல்லை. கிளினிக் தவறுவதுமில்லை. அங்கே தராசை விட்டு இறங்கும்போதெல்லாம் செல்வி கேட்பாள்.

"அண்ணி, வெரலுக்குக் கழிச்சாங்களா?"

தாதி சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டில் யார் வந்தாலும் இந்தக் கதைதான்.

ஆனால் மழை தொடங்கி, மற்றக் காலில் அட்டை ஏறியது தெரிந்தால், செல்வி உப்பை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் குந்திவிடுவாள்.