சிவப்புக் காருக்கு உப்புக் குளியல்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் அக்கா வீட்டுக்காரர் பிழைப்பில் மண் விழுந்ததே அந்தக் கோபத்தால்தான் (சரியாகச் சொன்னால் மண் இல்லை, அதை அப்புறம் சொல்கிறேன்).

2005-இல் மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். கூடவே ஒரு பழைய உள்நாட்டுக் கார். அதில் பெரிய கார்புரேட்டர், தடித்த சைலன்சர் எல்லாம் மாட்டி, பின்கண்ணாடியில் 'டர்போ' என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தேன். டர்போ கிடையாது. ஸ்டிக்கர் மட்டும்தான்.

அக்கா வீட்டுக்காரர் சேகர் மாமா, பாண்டிச்சேரியில் ஒரு முதலாளிக்கு டிரைவர். அந்த முதலாளி வீட்டுப் பின்கட்டில்தான் அவர்கள் குடித்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் மீனம்பாக்கத்தில் இறங்கும் முதலாளியை அழைத்துவர அவருடைய சிவப்பு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரில் கிளம்பிய மாமா, வழியில் எங்கள் வீட்டில் சாப்பிட நின்றார்.

சாப்பிட்டோமா போனோமா என்று இருந்திருக்கலாம். ரெண்டு வருஷத்தில் இந்த வண்டியில் ஒரு போல்ட் கழற்றியதில்லை, உன் வண்டி வாரத்தில் நாலு நாள் உன் ஷெட்டிலேயே படுத்துக் கிடக்கிறது என்றார். உண்மைதான். உண்மை என்பதால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் வண்டி நின்றால் ஒரு ஸ்பேனரும் கம்பித் துண்டும் போதும், உங்கள் வண்டி நின்றால் பார்ட்ஸ் கப்பலில் வரவேண்டும் என்று கத்தினேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"சோத்துல உப்பு போட்டுத்தான துன்ற? அந்த டப்பாவப் போயி இதோட சேத்துப் பேசுற?"

அவ்வளவுதான். ரோட்டில் எந்த வண்டியும்தான் ஓடும், ஆம்பளையாக இருந்தால் எங்கள் உப்பளக் கரையில் ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

என் கார் குதித்துக் குதித்துக் கரையைத் தாண்டியது. சிவப்புக் கார் பாதியிலேயே வயிறு தட்டி, முன்சக்கரத்தைப் பாத்திச் சேற்றில் இறக்கிவிட்டு நின்றது. கயிறு கட்டி இழுத்தது என் டர்போதான். வாழ்நாளில் நான் ஜெயித்த ஒரே போட்டி அது.

மணி மூன்று ஆகிவிட்டது. கார் முழுக்கச் சேறு. மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"இப்புடியே போய் நின்னா வேலை போயிரும்டா குமாரு. உங்கக்காவ எங்க கூட்டிக்கினு போவேன்?"

என் கோபம் என் மேலேயே திரும்பியது. அவரைச் சட்டை மாற்ற அனுப்பிவிட்டு, பக்கத்திலிருந்த மோட்டாரைப் போட்டேன். பானெட்டைத் திறந்து இன்ஜின் வரைக்கும் பீய்ச்சிக் கழுவினேன்.

அது பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார். அந்தத் தண்ணீரைக் காயவிட்டுத்தான் எங்கப்பா உப்பு வாருகிறார். பிறந்ததிலிருந்து கால், மண்வெட்டி, லாரி டயர் எல்லாவற்றையும் அதிலேயே கழுவிப் பழகிய கை, மூளையைக் கேட்கவே இல்லை. முட்டாள் கை.

கார் பளபளவென்று கிளம்பிப் போனது, ஈரம் இருந்தவரை.

ஏர்போர்ட்டில் முதலாளி, ஏதோ வெள்ளைக் கார் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாராம். மாமா ஓடிப்போய்க் கூப்பிட்டதும், கதவில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். திரும்பும் வழியில், கல்பாக்கம் தாண்டி இன்ஜினும் இருமி இருமி நின்றுவிட்டது. மறுநாள் மாமாவுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. கழுவினால் போகிற உப்புக்காக ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்துவானா ஒரு மனுஷன்? (என் மேல் இருக்கிற கோபத்தில் பாதியை அந்த ஆள் மேல் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.)

டர்போவை விற்று, பெரிய முதலியார்சாவடியில் அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தேன். காரை வாங்கியவர் பக்கத்திலிருக்கிற கிளியனூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை தள்ளினாராம். அந்தச் சிவப்புச் சனியன் மட்டும் இன்னும் பாண்டியில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மாமா இப்போது உப்பு லாரி ஓட்டுகிறார். அக்கா வீட்டில் விசேஷமென்றால் எல்லார் இலையிலும் ஓரமாக உப்பு வைத்துக்கொண்டே வருவாள். என் இலையை மட்டும் தாண்டிப் போவாள். புதிதாக வந்தவர் யாராவது கேட்டால் மாமா சொல்வார்.

"அவனுக்கு வேணாங்க. வேணும்னா மோட்டாரப் போட்டு எடுத்துப்பான்."

பந்தியே சிரிக்கும். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். அதனாலோ என்னவோ, அங்கே மட்டும் எனக்குக் கோபமே வருவதில்லை.