அத்தையின் எருமைக்கு நான் போட்ட பூஜ்யம்

தன் நிரலில் தப்பே வராது என்று நம்பாத கம்ப்யூட்டர் மாணவர் யாரும் இல்லை. நான் அதற்கும் ஒரு படி மேல். பெரம்பலூரில் கல்லூரிக் கடைசி வருடம் படித்தபோது 'திஸ்' என்ற சொல்லைத் தொடவே மாட்டேன். 'இந்தப் பதிவுக்குச் சொந்தமான அளவு' என்று கணினிக்குச் சுட்டிக்காட்டும் சொல் அது. சொல்லாவிட்டாலும் பெரும்பாலும் கணினியே புரிந்துகொள்ளும். வீட்டுக்குள் நின்றுகொண்டு யாராவது 'எங்கள் வீட்டுச் சொம்பை எடு' என்பார்களா? (இந்த உதாரணத்துக்கு வகுப்பில் கைதட்டல்கூட வாங்கினேன்.)

அந்த மிதப்பில்தான் வேப்பந்தட்டைப் பக்கம் அத்தை ஊர் பால் சொசைட்டிக்கு நிரல் எழுதினேன். மெஷின் பாலைச் சோதிக்கும். பாலின் கெட்டியைக் காட்டும் ஃபேட் அளவை என் நிரல் வாங்கி, ஊற்றியவர் பெயரோடு ஸ்பீக்கரில் அறிவிக்கும். குரலும் என்னுடையதுதான். முதல் பால் அத்தையுடையதாக இருக்கட்டும் என்று நானே சொல்லியிருந்தேன். அவர் பாலில் தண்ணீர் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பேர்தான் அவருக்கு எல்லாம்.

கேனோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் என் குரல் கணீரென்று சொன்னது: "ராசாத்தி. ஃபேட் பூஜ்யம்."

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. "ஏண்டி, எங்க வூட்டு குழாத் தண்ணிகூட இதவிட கெட்டியா இருக்குமேடி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சொசைட்டிச் செயலாளர் அடுத்தவர் பாலை மெஷினில் ஊற்றினார். பூஜ்யம். தன் வீட்டுப் பாலையே ஊற்றினார். அதுவும் பூஜ்யம். சந்தேகப்பட்டு அத்தை பாலை மறுபடி ஊற்றி மெஷினையே குனிந்து பார்த்தார். "இதுல ஏழு காட்டுதுங்கக்கா. பொண்ணோட பெட்டிதான் பொய் சொல்லுது."

வேர்த்து வழிய லேப்டாப்பைத் திறந்தேன். மெஷினிலிருந்து வரும் அளவுக்கும் 'ஃபேட்' என்று பெயர், பதிவில் அதை வைக்கும் இடத்துக்கும் அதே பெயர். 'திஸ்' இல்லாததால் வந்த அளவு தன்னையே தனக்குள் ஊற்றிக்கொண்டது. பதிவு காலி. ஒரே ஒரு 'திஸ்' போட்டதும், "ராசாத்தி. ஃபேட் ஏழு." அத்தை அதை இன்னொரு தடவை சொல்லவைத்து, எல்லோருக்கும் கேட்டதா என்று விசாரித்தார்.

அந்த நிரல் இன்றும் அங்கே ஓடுகிறது. எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்? அத்தைக்கு அதைவிடப் பெருமை. என்னைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வந்தவர்களிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் காபியை நீட்டினார். "என் எருமைக்கே பூஜ்யம் போட்ட பொண்ணுங்க இவ. குடிச்சுப் பாத்து நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தார். "ஏழு இருக்குங்க" என்றார்.

அவரோடுதான் இப்போது குடித்தனம். காபி யார் போட்டாலும் முதல் வாயிலேயே ஃபேட் அறிவிப்பு வந்துவிடும். நான் போட்டால் மட்டும் பெரும்பாலும் பூஜ்யம்.