மாடு பார்க்க வந்தவள்

மாட்டை அரை மணி நேரம் உற்றுப் பார்த்தது கிறுக்கி செய்த முதல் தப்பு. பார்த்ததோடு நிற்காமல் அதன் விலா எலும்புகளை வாய்விட்டு எண்ணியது இரண்டாவது தப்பு.

"பதினொண்ணு... பன்னெண்டு..."

"என்னம்மா பாக்குற?"

திரும்பினால், கையில் பால் வாளியோடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். ஊருக்கே பால் ஊற்றும் பால்காரக்கா. மாடும் அவளுடையதுதான். நிறைமாதச் செவலை.

கிறுக்கி என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். மூன்று வயதில் வீட்டுச் சுவர் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் கிறுக்கியதால் வந்தது. ஓவியக் கல்லூரியில் சேர்ந்ததும், "ரெண்டு அர்த்தத்துலயும் பொருந்துதுடி" என்று விடுதித் தோழிகள் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு அவளுக்கு வாய்த்த தலைப்பு 'கிராமத்து வாழ்க்கை'. பன்னிரண்டு படங்கள். போட்டோக்களைப் பார்த்து வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். பேராசிரியர் முதல் படத்தை எடுத்து மூக்கருகில் வைத்து, நிஜமாகவே முகர்ந்து பார்த்தார்.

"சாணி வாசனையே இல்லையே. இது மாடு இல்லம்மா, மாட்டு வேஷம் போட்ட சோபா. பத்து நாள் டைம் தரேன். ஏதாவது ஒரு ஊர்ல போய் இரு. இல்லன்னா அடுத்த வருஷமும் இதே பெஞ்சு, இதே மூஞ்சி."

அப்படிப் பஸ் ஏறியவள், ஜன்னல் வழியே முதல் மாடு கண்ணில் பட்ட இடத்தில் இறங்கிவிட்டாள். அந்த மாடுதான் இந்த மாடு.

"மாட்டைத்தாங்க்கா பாக்குறேன். காலேஜ்ல கடைசி வருஷம். மாடு, ஆடு, கோழி எல்லாத்தையும் கிட்ட இருந்து பாத்து முடிச்சாத்தான் பட்டம் குடுப்பாங்க. பத்து நாள் தங்க இடம் கிடைக்குமாக்கா?"

பால்காரக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க! இங்க ஓடியாங்க! நம்ம டாக்டர் மக பிரசவத்துக்குப் போயிட்டாரே, செவலைக்கு யாரு பாப்பாங்கன்னு நைட்டெல்லாம் பொலம்புனீங்களே! தேடிப் போனாலும் கிடைக்குமா இப்படி ஒரு பொண்ணு!"

டாக்டருக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று கிறுக்கி யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய பை வீட்டுக்குள் போய்விட்டது. பையைத் தொடர்ந்து அவளும் போனாள். முன்னறையில் கட்டில் போட்டார்கள். ஒரு பெரிய டம்ளர் நிறையப் பால் வந்தது. பால்காரக்காவின் வீட்டுக்காரர் கூச்சத்தோடு எட்டிப் பார்த்து, "ஃபேன் போதுமாம்மா?" என்று மூன்று முறை கேட்டார்.

கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சு நெகிழத் தூங்கிப்போனாள் கிறுக்கி.

காலையில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து தெருமுனைவரைக்கும் வரிசை. நான்கு மாடுகள், ஒன்பது ஆடுகள், கூடைகளில் கோழிகள், ஒரு எருமை, கடைசியில் யாரோடும் சேராமல் ஒரு கழுதை.

'எல்லாரும் படத்துக்கு நிற்க வந்திருக்காங்க!' அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பென்சிலைச் சீவினாள்.

முதலில் வந்தவர் கொத்தனார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் பலூன் மாதிரி உப்பிய வயிற்றோடு ஒரு வெள்ளாடு.

"டாக்டரம்மா, ரெண்டு நாளா தீனியே எடுக்கல."

கிறுக்கி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. மாட்டைப் பார்ப்பது, கடைசி வருஷம், பட்டம் என்று நேற்று தன் வாயால் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக மண்டையில் வந்து இறங்கியது.

"ஐயோ, நான் டாக்டர் இல்லைங்க!"

"தெரியும்மா. இன்னும் பட்டம் வாங்கல, அதானே? அடக்கத்தைப் பாரு இந்தப் புள்ளைக்கு!"

"அது இல்லைங்க. நான் படம் வரையறவ!"

"வரைங்க, வரைங்க. எனக்கே டவுன்ல வயித்தைப் படம் எடுத்துப் பாத்த பொறகுதான் உள்ள கல்லு இருக்குன்னு சொன்னாங்க. படம் பாக்காம வைத்தியம் பண்ணுனா அது என்ன வைத்தியம்?"

வரிசை முழுவதும் தலையாட்டியது. கழுதையும் ஆட்டியது.

சரி, ஒரு படத்தை வரைந்து அனுப்பிவிட்டால் போய்விடுவார் என்று கிறுக்கி கணக்குப் போட்டாள். "ஆட்டை அந்த நிழல்ல நிறுத்துங்க. படுக்க விடாதீங்க, எதுவும் திங்கக் குடுக்காதீங்க. அசையாம நிக்கணும்" என்றாள். படம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு.

ஒரு மணி நேரம் கழித்து, கொம்புக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தபோது, ஆடு தெருவே அதிர ஓர் ஏப்பம் விட்டது. வயிறு வடிந்தது. அடுத்த நிமிடம் அது கொத்தனாரின் சட்டைக் காலரைத் தின்ன ஆரம்பித்தது.

"கைராசின்னா இதான்யா கைராசி!" என்று கொத்தனார் காலர் போனதைக்கூடப் பொருட்படுத்தாமல் கூவினார். போகிற போக்கில் படத்தையும் உருவிக்கொண்டார்.

"அது என்னோடதுங்க!"

"மருந்துச் சீட்டு இல்லாம எப்படிம்மா போறது? தொழுவத்துல ஒட்டி வைக்கணுமில்ல!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான் அதற்குப் பிறகு. வந்தவர்களிடமெல்லாம் கிறுக்கி, "நிழல்ல கட்டுங்க, நல்ல தண்ணி காட்டுங்க, பெரிய நோவா தெரிஞ்சா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். யாருக்கும் கெடுதல் வராத பேச்சு என்று நினைத்தாள்.

பால்காரக்கா பூரித்துப்போனாள். "நம்ம டாக்டரும் அச்சு அசல் இதையேதான் சொல்லுவாரு! ஊசி போட மாட்டாரு, கை வைக்க மாட்டாரு. பாத்துக்கிட்டே இருப்பாரு. முக்காவாசி தானா சரியாயிரும். படிச்சவங்க எல்லாம் ஒரே மாதிரிதான் போல."

மூன்றாம் நாள் தையல்காரம்மா, முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கோழியோடு வந்தாள். கிறுக்கி அலுப்பில், கோழியை வரைந்து அதன் அடியில் விளையாட்டாக ஒரு முட்டையையும் போட்டுவைத்தாள். மறுநாள் விடிந்ததும் கோழி முட்டையிட்டது.

அவ்வளவுதான். கோழி வைத்திருந்த பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எனக்கு ரெண்டு முட்டை போடுங்க டாக்டரம்மா!"

"அவளுக்கு ரெண்டுன்னா எனக்கு மூணு! நாங்க என்ன எளப்பமா?"

டீக்கடைக்காரர் கோழியும் இல்லாமல் ஆடும் இல்லாமல் வந்து, நாலாய் மடங்கி நின்றார். "முதுகு புடிச்சுக்கிச்சும்மா. நான் நிமிர்ந்து நிக்கற மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுத்துரு, போதும்."

ஏழாம் நாள் கிறுக்கி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தாள். இதுவரை வரைந்தவை அறுபத்துமூன்று படங்கள். கையில் இருப்பவை பூஜ்யம். வாழ்நாளில் அவள் இவ்வளவு நன்றாக வரைந்ததே இல்லை. ஒவ்வொரு மாட்டிலும் சாணி வாசனை தூக்கி அடித்தது. ஆனால் அத்தனையும் ஊர்த் தொழுவங்களில் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

கொத்தனார் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தாள்.

"அந்த ஆட்டுப் படத்தைத் திருப்பித் தரீங்களா? பரீட்சைக்கு வேணும்."

கொத்தனார் பதறி, தொழுவத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அதைக் கிழிச்சா என் ஆடு என்னம்மா ஆகும்? வேணும்னா என் கல்யாண போட்டோவை எடுத்துக்கோங்க."

இனி ஒரே வழிதான். ஒன்பதாம் நாள் மதியம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரும் நேரம் பார்த்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூனை மாதிரி நழுவினாள். பஸ் வந்தது. ஏறினாள். கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டு ஒரு மைல் போயிருக்கும். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"டாக்டரம்மா! பால்காரக்கா மாடு கன்னு போடப் போவுதுன்னு உங்களைத் தேடிக்கிட்டு இருக்காங்க, நீங்க இங்க உக்காந்திருக்கீங்க?"

"எனக்கு... எனக்கு ஊருக்கு..."

"பஸ்ஸு தெரியாம ஏறிட்டீங்களா? அட, ராவும் பகலும் உழைச்சா மனுஷிக்கு இப்படித்தான் தலை சுத்தும்!"

நடுரோட்டில் பஸ் திரும்பியது. நாற்பது பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. "வேகமாப் போப்பா, வாயில்லாத ஜீவன்" என்றார்கள். பால்காரக்கா வீட்டு வாசலிலேயே பஸ் நின்றது. நாற்பது பேரும் கூடவே இறங்கினார்கள்.

தொழுவத்தில் செவலை படுப்பதும் எழுவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தது. பால்காரக்காவின் முகம் வெளிறியிருந்தது. ஒன்பது நாளும் வாய் ஓயாமல் பேசியவள், இப்போது கிறுக்கியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். 

"போன தடவை கன்னு தங்கல. இதையாவது காப்பாத்திக் குடுத்துரும்மா. எங்களுக்கு இது மாடு இல்ல. வீட்டுல ஒரு ஆளு."

 இந்தக் கையை ஏமாற்றக் கிறுக்கியால் முடியவில்லை.

"அக்கா, சத்தியமா சொல்றேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது! யாராவது டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க! நீங்க எல்லாரும் வெளிய போங்க, அது பயப்படுது! யாரும் அதைத் தொடாதீங்க!"

ஊர் முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறியது. யாரோ போன் போட்டார்கள். டவுனிலிருந்து வண்டி வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.

தொழுவத்தில் மிஞ்சியது அவளும் பால்காரக்காவும் செவலையும்தான். கை பதறினால் பென்சிலை எடுத்துவிடுவது அவளுக்குச் சிறுவயதுப் பழக்கம். பையில் மிச்சமிருந்த ஒரே தாளை எடுத்தாள். சுவரோரம் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். வரைய வரைய அவள் மூச்சு நிதானப்பட்டது. அவளைப் பார்த்துப் பால்காரக்காவின் மூச்சு நிதானப்பட்டது. அவளைப் பார்த்துச் செவலையும் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்தது.

முன்னங்கால் இரண்டு தெரிந்தன. அப்புறம் மூக்கு. அப்புறம், யாரும் விரலைக்கூட நீட்டாமலே, ஈரமும் பளபளப்புமாக ஒரு முழுக் கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. செவலை திரும்பி நக்க ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் கன்று நாலு காலையும் நாலு திசைக்கு விரித்துக்கொண்டு எழுந்து நின்றது.

பால்காரக்கா அழுதாள். கிறுக்கி அதைவிடப் பலமாக அழுதாள். வெளியே நாற்பது பயணிகளும் கை தட்டினார்கள். ஓட்டுநர் ஓடிப்போய் ஹாரன் அடித்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே மொபெட் ஒன்று வந்து நின்றது.

"டாக்டர் வந்தாச்சு! நம்ம டாக்டர் வந்தாச்சு!"

கிறுக்கிக்குக் கண்ணீர் பாதியில் நின்றது. தப்பிக்க ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் வழியாகவும் ஆறு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். கன்றைப் பார்த்தார், கதவில் ஒட்டியிருந்த கோழிப் படத்தைப் பார்த்தார், கிறுக்கியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"வர்ற வழியெல்லாம் இந்தப் பொண்ணு பேச்சுதான். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. நாங்க தொழில் விஷயம் பேசணும்."

ஜன்னலில் எட்டிப் பார்த்த ஆறு பேரும் விலகினார்கள். கதவு சாத்தப்பட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் கிறுக்கி கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"சார், மன்னிச்சிருங்க சார். நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கல. ஓவியக் கல்லூரி. ப்ராஜெக்டுக்கு மாடு வரைய வந்தேன். முதல் நாள்லருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் நம்பல. போலீஸ்ல மட்டும் சொல்லிராதீங்க சார். நாளைக்கு நான் போயிடறேன்."

 டாக்டர் அவள் கையிலிருந்த தாளை வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்தார்.

"முதல் பஸ்ஸுக்கே கிளம்பிரும்மா. நானும் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு நாலு மாடு வரையலாம்னுதான் இந்த ஊருக்கு வந்தேன். முப்பது வருஷமாச்சு, இன்னும் ஒப்படைக்கல!"