ஹிலாருஸ் வீட்டுத் தாத்தா

"இந்த முகத்தை எங்கயோ பார்த்திருக்கேனே," என்றார் கவியுஸ், கூடத்தில் இருந்த பளிங்குத் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து. "அதுவும் ரொம்பச் சமீபத்துல."

ஹிலாருஸ் அவசரமாகத் தலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "எங்க தாத்தாங்க அவரு. செத்துப்போய் ரொம்பக் காலமாச்சே."

"இருக்கட்டும். யோசிச்சு வைக்கிறேன். விருந்துக்கு வர்றப்போ சொல்றேன்."

கவியுஸ் பக்கத்து வீட்டுக்காரர், ஒஸ்தியா என்ற அந்தத் துறைமுக ஊரின் நகரசபையில் உறுப்பினர். அவர் வாசலைத் தாண்டியதும் ஹிலாருஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

தாத்தாவாவது ஒன்றாவது! ஹிலாருஸுக்கு அப்பாவே யாரென்று தெரியாது. அடிமையாகப் பிறந்து, விடுதலை வாங்கி, ஆலிவ் எண்ணெய் விற்று மேலே வந்தவர். வீடு கட்டிய பிறகுதான் உறைத்தது, பெரிய குடும்பத்துக் கூடங்களில் எல்லாம் முன்னோர்களின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன, தன் கூடம் மட்டும் மொட்டையாக இருக்கிறது என்று. செத்துப்போன ஒரு சிற்பியின் பட்டறையை ஏலம் விட்டபோது இந்தத் தலையை எடுத்தார். கனமான கனம். தூக்கி வர ஆள் வேண்டுமே என்று பட்டறையில் கிடந்த அடிமை ஒருவனையும் சேர்த்து எடுத்தார். தலை கூடத்துக்குப் போனது. ஆள் வாசல் காவலுக்குப் போனான்.

அவர் சாப்பாட்டு அறையில், பெரிய வீட்டு வழக்கப்படி, ஒன்பது பேர் மஞ்சங்களில் சாய்ந்து படுத்துச் சாப்பிடலாம். வருடக்கணக்காக அவர் ஒருவர்தான் சாய்ந்தார். ஊர்க்காரர்கள் அவரிடம் எண்ணெய் வாங்குவார்கள், வணக்கம் சொல்வார்கள், சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எல்லாருக்கும் அன்றைக்கென்று தலைவலி வரும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் கூடத்துக்கு வந்து பளிங்குத் தலைக்கு முன்னால் கொஞ்சம் ஒயின் வைத்து, "தாத்தா, சாப்டீங்களா?" என்று ஆரம்பிப்பார். எண்ணெய் விலை, முதுகுவலி, எல்லாவற்றையும் சொல்வார். கல் குறுக்கே பேசாது. பேசினால் தேவலையே என்று அவருக்கு ஏக்கமாக இருக்கும்.

இன்றைக்குத்தான் முதல்முறையாக எட்டுப் பேர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிடித்துப்போனால், அவர்கள் மாதாமாதம் கூடும் பந்தியில் இவருக்கும் ஓர் இடம் என்று கவியுஸ் வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த நேரத்தில் போய்த் தாத்தா மாட்டிக்கொள்ள வேண்டுமா?

"வாசல்காரா! சுத்தியலும் உளியும் எடுத்துட்டு வா!"

கிழவன் வந்தான். "என்ன எசமான் பண்ணப்போறீங்க?"

"மூக்கை உடைக்கப்போறேன். மூக்கு போச்சுன்னா யாருக்கும் அடையாளம் தெரியாது. கெட்டியாப் பிடி."

"ஐயோ, மெதுவா எசமான்!"

"உனக்கு ஏன்யா துடிக்குது? கல்லுக்கு வலிக்குமா?"

ஒரே அடி. நுனி மட்டும் போகும் என்று பார்த்தால், ஒரு பக்கம் பெயர்ந்து மூக்கு கோணிக்கொண்டது.

"எப்படி இருக்கு?" என்றார் ஹிலாருஸ், கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எனக்குப் பழகின மூக்காத்தான் தெரியுது."

"அப்ப கவியுஸுக்கும் தெரிஞ்சிடுமே! போய்ச் சுண்ணாம்பு கொண்டா. தலைமுடிக்கு வெள்ளை அடிச்சு வயசைக் கூட்டிடலாம்."

சுண்ணாம்பு தண்ணியாகிப்போயிருந்தது. முடியில் பூசியது கன்னத்தில் ஒழுகி, தாடையில் கட்டி நின்றது.

"தாடியும் வந்துடுச்சா! துடைக்காதீங்க எசமான், லட்சணமா இருக்கு."

"லட்சணத்தைப் பார்த்தேன்!" ஹிலாருஸ் ஈரத்துணியால் பரபரவென்று தேய்த்தார். தாடி போகவில்லை. வலது கண்ணில் தீட்டியிருந்த கருவிழிதான் போனது. தாத்தா ஒரு கண் பூ விழுந்தவராக அவரைப் பார்த்தார். இனி தொட்டால் தலையே மிஞ்சாது என்று விட்டுவிட்டார்.

பன்றித் தொடை வெந்து மணக்கும்போது வாசலில் கலகலவென்று சத்தம். கிழவன் கதவைத் திறந்தான். எட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த கவியுஸ் பளிங்குத் தலையைப் பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

"ஞாபகம் வந்துடுச்சு!" என்று தொடையில் தட்டினார்.

பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அது காதுக்குக் காது போய், எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஹிலாருஸ், உங்க வம்சப் பெருமை இன்னிக்குத்தான் புரிஞ்சுது," என்றார் கவியுஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்பேர்ப்பட்ட பரம்பரையோட சரிசமமா சாய்ஞ்சு சாப்பிட எங்களுக்குத் தகுதி பத்தாதுங்க. வர்றோம்."

போய்விட்டார்கள். சிரிப்பு மட்டும் தெருக்கோடி வரை கேட்டது.

ஒன்பது பேருக்கான சாப்பாடு உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. ஹிலாருஸ் தலைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இத்தனை வயதில் அழக்கூடாது என்றுதான் நினைத்தார், முடியவில்லை.

"வாசல்காரா," என்றார் கடைசியில். "யார் முகம்னு சொல்லி அப்படிச் சிரிச்சாங்க? உன் காதுல விழுந்திருக்குமே. மறைக்காம சொல்லு."

கிழவன் வந்து எதிரில் நின்றான். கூரைத் திறப்பு வழியே வந்த வெயில் அவன்மேல் விழுந்தது. ஹிலாருஸ் முதல்முறையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். கோணல் மூக்கு, வெள்ளைத் தாடி, பூ விழுந்த வலது கண்.

"அந்தச் சிற்பிக்கு முகம் காட்டி உட்கார்ந்தவன் நான்தான் எசமான்," என்றான் கிழவன். "நீங்க தினமும் 'தாத்தா, சாப்டீங்களா'ன்னு கேக்கிறப்போ எல்லாம் நானும் வாசல்லேருந்து 'இன்னும் இல்லப்பா'ன்னு பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."